மும்மொழி வீட்டில் ஆட்டிசம் உள்ள குழந்தை: கேள்வி பதில்

(பதில் அளிப்பவர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பணியாற்றும் சிறப்பாசிரியர்.)

கேள்வி (ஓசூர், ஒரு தாய்): வீட்டில் தெலுங்கு, அக்கம்பக்கத்தில் கன்னடம், அங்கன்வாடியில் தமிழ். ஆட்டிசம் உள்ள நான்கு வயது மகனுக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. தெலுங்கை நிறுத்திவிட்டுத் தமிழ் மட்டும் பேசச் சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பல மொழிகளைக் கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. அதனால் பேச்சு மேலும் தாமதப்படுவதாக ஆய்வுகள் காட்டவும் இல்லை. கொஞ்சலும் அதட்டலும் தெலுங்கிலேயே வரும் தாய் தட்டுத்தடுமாறித் தமிழுக்கு மாறினால், அவர் பிள்ளையிடம் பேசுவதே குறைந்துபோகும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. எனக்குத் தெரிந்த ஒரு சிறுவன் தாகம் எடுத்தால் டம்ளரை நீட்டி, "நீள்ளு காவாலா?" என்பான். தண்ணீர் வேண்டுமா என்று தாய் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் அவன் தண்ணீர் கேட்கும் முறை. இதை எதிரொலிப் பேச்சு என்போம். தெலுங்கு தெரியாத அங்கன்வாடிப் பணியாளர், அவன் விளையாடுகிறான் என்றெண்ணி டம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிடுவார். அவன் தரையில் புரண்டு அழுவான். பிடிவாதக்காரன் என்று பெயரும் வாங்கிவிட்டான். அவன் சொல்லும் பத்துச் சொற்றொடர்களைப் பொருளோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, டம்ளர் படம் ஒட்டிய அட்டையை வீட்டிலும் அங்கன்வாடியிலும் வைத்தோம். தண்ணீருக்கான அழுகை நின்றது. மற்ற அழுகைகள் அடங்க மாதங்களாயின என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செவித்திறன் பரிசோதனை செய்யவில்லையெனில் முதலில் அதைச் செய்துவிடுங்கள். பேச்சு மதிப்பீட்டின்போது அவன் தெலுங்கில் சொல்லும் சொற்களையும் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (சூளகிரி, ஒடிசாவிலிருந்து வந்த தந்தைக்காக அண்டை வீட்டார்): ஆட்டிசம் உள்ள ஆறு வயது மகளுக்குப் பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. சேர்க்கை மறுக்கப்படுமா?

பதில்: மறுக்க முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு சான்றளிக்கப்பட்டால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரைப் பாருங்கள். அங்கே ஒடியா தெரிந்தவர் இருப்பது அரிது. ஆகவே துணைக்கு நீங்களும் சென்று வாருங்கள்.

கேள்வி (பாலக்கோடு, ஒரு தாத்தா): பேரன் கைப்பேசியில் கேட்ட ஆங்கிலப் பாட்டை முழுதாகப் பாடுகிறான், பசிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

பதில்: பாட்டைத் தடுக்காதீர்கள் ஐயா. கைப்பேசியை வைத்துவிட்டு நீங்களே பாடுங்கள். ஒரு வரியின் கடைசிச் சொல்லை விட்டு நிறுத்தி, அவன் உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருங்கள்.