அப்பா உள்ளங்கால்ல கருப்பு புள்ளி, டிஎன்ஏ ரிப்பேர் கிரீம் போடலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு 58 வயசு, விவசாயம், செருப்பு போடவே மாட்டார். வலது உள்ளங்கால்ல குதிகால் பக்கம் ஒரு கருப்பு புள்ளி, ஆறு மாசமா பெருசாயிட்டே வருது, வலி இல்ல. கால் ஆணின்னு நெனச்சு கார்ன் கேப் ஒட்டினோம், போகல. வெயில்ல தோலோட டிஎன்ஏ கெட்டுப்போய் தான் மெலனோமா கேன்சர் வருது, உடம்பு அதை எப்படி ரிப்பேர் பண்ணுதுன்னு கண்டுபிடிச்சவருக்கு நோபல் பரிசே குடுத்திருக்காங்கன்னு ஒரு வீடியோ பாத்தேன். கீழயே டிஎன்ஏ ரிப்பேர் கிரீம்னு 2,400 ரூபாய்க்கு விக்கறாங்க. வாங்கி போடலாமா?

பதில்: தம்பி, கிரீம் வாங்காதீங்க. அந்த காசை கையில வெச்சுக்கிட்டு அப்பாவை இந்த வாரமே ஒரு தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நான் எழுத ஆரம்பிச்சா நீளமா போகும், நீங்க பாதில மூடிட்டா கூட இது மட்டும் வந்து சேந்துடணும்.

வீடியோல சொன்னது பொய் இல்ல. அசீஸ் சான்ஜார்னு துருக்கிக்காரர், சாவூர்ங்கற சின்ன ஊர்ல எட்டு பிள்ளைங்கள்ல ஒருத்தரா பொறந்தவர், அப்பா அம்மாவுக்கு எழுத படிக்க தெரியாது. டாக்டருக்கு படிச்சு சொந்த ஊர் பக்கமே கொஞ்ச நாள் வைத்தியம் பாத்துட்டு அப்புறம் அமெரிக்கா போனார், அங்க பிஎச்டி முடிச்சும் ஆராய்ச்சி வேலை கிடைக்காம யேல் யுனிவர்சிட்டில லேப் டெக்னீஷியனா சேந்தார் (நம்ம பசங்க இதை படிக்கணும்). அங்க தொடங்கின வேலைக்கு தான் 2015ல கெமிஸ்ட்ரி நோபல், டோமாஸ் லிண்டால், பால் மோட்ரிச்னு இன்னும் ரெண்டு பேரோட சேத்து.

அவர் என்ன கண்டுபிடிச்சார்னா, வெயில்ல இருக்கற அல்ட்ரா வயலட் தோல் செல்லுக்குள்ள போய் டிஎன்ஏல (எழுத்து மாதிரி ரசாயன துண்டுங்க வரிசையா கோத்த ரெண்டு இழை அது) பக்கத்து பக்கத்து எழுத்து ரெண்டை ஒட்ட வெச்சிடும், ஜிப்ல ரெண்டு பல்லு ஒட்டிக்கிட்டா மேல ஏறாம நிக்குமே, அந்த மாதிரி. சுவத்துல ஒரு எடத்துல பூச்சு ஊதிடுச்சுன்னா கொத்தனார் அந்த எடத்தை மட்டும் தட்டமாட்டார், சுத்தி நல்ல பூச்சையும் கொஞ்சம் சேத்து கொத்தி எடுத்துட்டு தான் புதுசா பூசுவார். செல்லும் அதே வேலை தான் பண்ணுது. பாக்டீரியாவா இருந்தா 12, 13 எழுத்து நீளத்துக்கு வெட்டும், நம்ம செல் கிட்டத்தட்ட 30 எழுத்து வெட்டி வீசிட்டு எதிர் இழையை பாத்து மறுபடி எழுதிக்கும். இந்த வெட்டு எங்க எங்க விழுதுன்னு 1983ல சான்ஜார் காட்டினார்.

இந்த ரிப்பேர் பொறவியிலயே கெட்டுப்போனா என்ன ஆகும்னும் தெரியும். சீரோடெர்மா பிக்மென்டோசம்னு ஒரு நோய், அந்த குழந்தைங்களோட செல்லால இந்த வெட்டி ஒட்டற வேலையை சரியா செய்ய முடியலன்னு 1968ல ஜேம்ஸ் கிளீவர் கண்டுபிடிச்சார். அவங்களுக்கு 20 வயசுக்குள்ள மெலனோமா வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட சுமார் 2000 மடங்கு. பகல்ல வெளிய வரவே முடியாத வாழ்க்கை, பாவம்.

ஆனா இங்க தான் அந்த வீடியோ உங்களை வேற ரூட்ல கூட்டிட்டு போயிடுச்சு. வெயில் மெலனோமா பெரும்பாலும் வெள்ளைக்காரங்க பிரச்சனை, முதுகு, கால், முகம்னு வெயில் படற எடத்துல வரும். நம்ம தோலுக்கு கருப்பு நிறம் குடுக்கற மெலனின் குடை மாதிரி, அதனால நமக்கு மொத்தத்துலயே மெலனோமா கம்மி தான், ஆனா வர்றப்போ உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலன்னு வெயிலே அதிகம் படாத எடத்துல வருது. அந்த கட்டியோட டிஎன்ஏவை படிச்சு பாத்தா வெயில் விட்டுட்டுப் போற தழும்பு ரொம்ப கம்மியா தான் இருக்கு. அப்புறம் வெயில் ரிப்பேர் கிரீம் உள்ளங்கால்ல என்ன பண்ணும்?

கிரீமே சுத்த பித்தலாட்டம்னும் சொல்லமாட்டேன். டிஎன்ஏ ரிப்பேர் என்சைமை லோஷன்ல கலந்து மேல சொன்ன அந்த நோய் இருக்கற 30 பேர்கிட்ட ஒரு வருஷம் சோதிச்சு 2001ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல எழுதினாங்க, புதுசா வர்ற கேன்சருக்கு முந்தின புள்ளிங்க குறைஞ்சது உண்மை. அது வர்றதை குறைக்க. வந்துட்ட புள்ளி எதையும் அது கரைக்காது.

பயப்படவும் வேணாம், உள்ளங்கால்ல கருப்பா இருக்கறதுல முக்கால்வாசி சாதா மச்சம், இல்லன்னா முள்ளோ கல்லோ குத்தி ரத்தம் கட்டினது. பிரிச்சு பாக்க டெர்மாஸ்கோப்னு ஒரு லென்ஸ் வெப்போம், வலிக்காது. உள்ளங்கால் தோல் அப்பாவோட வயல் மாதிரியே தான், வரப்பும் வாய்க்காலுமா கோடு கோடா ஓடும். கருப்பு வாய்க்கால்ல ஓடினா பெரும்பாலும் சாதா மச்சம், வரப்பு மேல ஏறி நின்னா எனக்கு உடனே உஷார் ஆயிடும். சந்தேகம்னா பயாப்ஸி, அதாவது அந்த எடத்து தோலை எடுத்து லேப்ல சோதிக்கறது. ஊசி பட்டா கேன்சர் பரவும்னு ஊர்ல யாராவது சொல்லுவாங்க, காதுல வாங்காதீங்க. பயாப்ஸில கட்டி தோலுக்குள்ள எவ்ளோ ஆழம் போயிருக்குன்னு மில்லிமீட்டர்ல அளப்பாங்க, 1 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா பெரும்பாலும் வெட்டி எடுக்கறதோட சரி, அதனால தான் ஆறு மாசம்னு நீங்க எழுதினதை பாத்ததும் அவசரப்படறேன்.

பாட்டுக்காரர் பாப் மார்லி தெரியுமில்ல? அவருக்கு கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில வந்தது, ஃபுட்பால்ல அடிபட்டதுன்னு நெனச்சாங்க, 1977ல தான் மெலனோமான்னு தெரிஞ்சது, 1981ல 36 வயசுல போயிட்டார். என்கிட்ட வந்த ஒரு அம்மாவும் கால் ஆணின்னு ஒன்றரை வருஷம் பிளேடால சீவிக்கிட்டே இருந்துட்டு வந்தாங்க, அவங்க புள்ளி ஒரு அஞ்சு ரூபா காசு அளவு, ஓரம் ஒழுங்கே இல்லாம ஒரு பக்கம் கருப்பு ஒரு பக்கம் சாம்பல்.

கார்ன் கேப்ல ஆசிட் இருக்கு, அது மேல்தோலை அரிச்சு புள்ளியோட உருவத்தையே மாத்திடும், இன்னிக்கு ராத்திரியே எடுத்துடுங்க. சுட்டு எடுக்கறேன்னு யார் சொன்னாலும் விடாதீங்க. நாளைக்கு பகல் வெளிச்சத்துல பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு போட்டோ எடுங்க, அப்படியே இன்னொரு கால், விரல் இடுக்கு, நகம் எல்லாம் ஒரு தடவை பாத்துட்டு, தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கான்னு அப்பாவையே தொட்டு பாக்க சொல்லுங்க. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்தா அங்க தோல் ஓபி காலைல தான், ஏழரைக்கே போய் சீட்டு போட்டுடுங்க.