மழையில கேரவன் எடுத்துக்கிட்டு கடலூர் வர்றவங்களுக்கு

வண்டியோட கடலூர், பரங்கிப்பேட்டை சுத்திப் பார்க்கணும்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. எங்க ஊருங்கிறதால தெரிஞ்சதைச் சொல்றேன்.

சேலத்திலிருந்து ஒருவர்: அண்ணே, நவம்பர்லதான் லீவு. வரலாமா?

தாராளமா வாங்க தம்பி. ஆனா மழை விட்டுடுச்சேன்னு அசந்துடாதீங்க. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்துச்சு. அப்புறம் சாத்தனூர் அணையில திறந்த தண்ணி தென்பெண்ணையில வந்து கடலூர்ல புகுந்தது. நம்ம தலைக்கு மேல வானம் வெளுத்திருந்தாலும் மேற்கே பெய்ஞ்ச மழைத் தண்ணி ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு வரும். அதனால வானிலை அறிக்கையோட அணை திறப்புச் செய்தியையும் பாருங்க.

திருச்சி அக்கா: ராத்திரி கடலூர் வெள்ளிக் கடற்கரை (சில்வர் பீச்) மணல்லயே வண்டியைப் போட்டுக்கலாமா?

வேண்டாம் அக்கா. மேல காய்ஞ்சு தெரியும், அடியில ஈரம். கனமான வண்டி இறங்கிட்டா, பின் சக்கரம் சுத்தச் சுத்தப் புதையும். கெடிலம், பெண்ணையாத்துக் கரையும் வேண்டாம், தென்னை மரத்தடியும் வேண்டாம். காம்பவுண்டு உள்ள லாட்ஜ், கல்யாண மண்டபத்துல கேட்டு, காசு கொடுத்து மேட்டுல நிறுத்துங்க.

ஓசூர் அப்பா ஒருவர்: பரங்கிப்பேட்டை கடல் ஆராய்ச்சி மையத்தைப் பிள்ளைங்களுக்குக் காட்டலாமா?

காட்டுங்க சார், அவசியம் காட்டுங்க. அது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் உயராய்வு மையம். டிக்கெட் வாங்கி நுழையுற மீன் காட்சியகம் இல்லை, மாணவர்கள் படிக்கிற இடம். முன்கூட்டியே அனுமதி கேட்டு, வேலை நாள்ல போங்க. கடலூர்லேர்ந்து சிதம்பரம் ரோட்டுல வந்து பு.முட்லூர்ல இடது பக்கம் திரும்பணும்.

உள்ளே போறதுக்கு முன்னாடி வெள்ளாத்து முகத்துவாரத்தைக் கொஞ்ச நேரம் பாருங்க. மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி கலங்கலா மேல ஓடும். உப்புத் தண்ணி கனம், அதனால அடியில நுழையும். வெள்ளம் பெருசானா அந்த உப்பையே கடலுக்குத் தள்ளிடும், தண்ணியில மிதக்கிற நுண்ணுயிர்க் கூட்டமே மாறிப்போகும். ஒரே ஆறு, மாசத்துக்கு ஒரு முகம். இதைப் படிக்கத்தான் அந்த மையம் அங்க உட்கார்ந்திருக்கு. பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிட்டு உள்ளே கூட்டிட்டுப் போனா, பார்க்கிறது எல்லாம் மனசுல நிக்கும்.

ஒரு கல்லூரி மாணவி: பிச்சாவரம் படகு மழையில ஓடுமா?

தூறலுக்கு ஓடும், புயல் எச்சரிக்கைன்னா ஓடாதும்மா. ஒண்ணு மட்டும் கவனம்: அந்த அலையாத்திக் காட்டுல தில்லை மரமும் இருக்கு, சிதம்பரம் கோயிலோட தல மரம். இலையைக் கிள்ளினா வெள்ளையா பால் வடியும். தோல்ல பட்டா கொப்புளம், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. பிள்ளைங்க கையைப் படகுக்குள்ளேயே வச்சுக்கச் சொல்லுங்க.

கோவை நண்பர்: மழைன்னு கண்ணாடி எல்லாம் ஏத்திட்டு, ஜெனரேட்டர் போட்டு ஏசியில தூங்கலாமா?

கூடவே கூடாது. 2024 டிசம்பர்ல கேரளா வடகரையில நிறுத்தியிருந்த கேரவன்ல ரெண்டு பேர் ஜெனரேட்டர்லேர்ந்து வந்த கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயுவுல இறந்தாங்க. அதுக்கு வாசனையே கிடையாது. தூங்கும்போது ஜெனரேட்டர், இன்ஜின், அடுப்பு மூணும் அணைஞ்சிருக்கணும். வெளி கரண்ட் கிடைச்சா ஏசி, இல்லைன்னா கொசுவலை போட்ட ஜன்னல்.

மீன் எங்க வாங்கலாம்?

கடலூர் முதுநகர் துறைமுகம், விடியக்காலையில. படகு கடலுக்குப் போகாத நாள்ல ஐஸ் மீன்தான் கிடைக்கும், கேட்டு வாங்குங்க.

ஊர் திரும்பினதும் வண்டிக்கு என்ன செய்யணும்?

அடிப்பாகத்தை நல்ல தண்ணியில பீச்சிக் கழுவுங்க. மட்கார்டு உள்பக்கம் உப்பு மணல் ஒட்டியிருக்கும், அங்கதான் துரு முதல்ல பிடிக்கும்.