விழிஞ்சத்துக்குக் கப்பல் வந்தாச்சு, நம்ம பிள்ளைகளுக்கு வேலை எப்போ?

கேள்வி: அண்ணாச்சி, என் மகன் ஐடிஐ ஃபிட்டர் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். திருவனந்தபுரம் பக்கத்தில் விழிஞ்சம் துறைமுகம் வந்தால் இங்குள்ள பிள்ளைகளுக்கெல்லாம் வேலை என்றார்கள். கல்லெல்லாம் நம்ம மலையை உடைத்து லாரி லாரியாகப் போச்சு, வேலை மட்டும் வரவில்லையே?
(ஒரு தாய், மார்த்தாண்டம்)

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானதுதான் அம்மா. துறைமுகம் ஓடாமல் இல்லை. 2024 ஜூலையில் கன்டெய்னர் பெட்டிகளைச் சுமந்து முதல் தாய்க்கப்பல், அதாவது பெரிய கப்பல், வந்தது, 2025 மே 2-ஆம் தேதி பிரதமர் முறைப்படி தொடங்கி வைத்தார். கரையை ஒட்டியே நல்ல ஆழம், சர்வதேசக் கப்பல் பாதை பத்துக் கடல் மைல் தூரத்தில். நம் நாட்டு டிரான்ஸ்ஷிப்மென்ட் சரக்கில், அதாவது நடுவழியில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சரக்கில், ஏறக்குறைய முக்கால்வாசி கொழும்பு, சிங்கப்பூர், ஜெபல் அலி என்று வெளிநாட்டில்தான் கப்பல் மாறிக்கொண்டிருந்தது, அதில் ஒரு பங்கு இப்போது இங்கே வருகிறது. ஆனால் அந்தப் பெட்டி பெரிய கப்பலிலிருந்து யார்டில் (பெட்டிகளை அடுக்கும் முற்றத்தில்) இறங்கி, சின்னக் கப்பலில் ஏறி, மறுபடியும் கடலுக்கே போய்விடுகிறது, கேட்டைத் தாண்டி வெளியே வருவதில்லை. அதனால் கிரேன் ஓட்டுகிறவர், பெட்டிகளைக் கப்பலில் இறுக்கிக் கட்டும் லாஷிங் செய்கிறவர், பராமரிப்பு ஆட்கள் என்று ஒரு அளவுக்குத்தான் வேலை கிடைக்கும்.

பெட்டி வெளியே வந்தால் கதையே வேறு. கிடங்கு வேண்டும், கஸ்டம்ஸ் வேலை பார்க்க ஆள் வேண்டும், டிரெய்லர் ஓட்டுநர், அதைப் பழுது பார்க்கும் பட்டறை எல்லாம் வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் முந்திரிக்கொட்டையை நம்பித்தான் நம்ம ஊர் அண்டி ஆபீஸ்கள் (முந்திரி ஆலைகள்) பல ஓடுகின்றன, அந்தக் கொட்டை பக்கத்துத் துறைமுகத்திலேயே இறங்கினால் லாரி வாடகை எவ்வளவு மிச்சமாகும் என்று முதலாளிகளைக் கேட்டுப் பாருங்கள். இதற்கெல்லாம் ரயில்தான் முதுகெலும்பு. ஒரு கன்டெய்னர் ரேக்கில், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயிலில், 45 வேகன், அதில் 90 இருபதடிப் பெட்டிகள் போகும். அவ்வளவையும் சாலையில் கொண்டுபோனால் நம்ம நெடுஞ்சாலை என்னவாகும்! பாலராமபுரத்திலிருந்து துறைமுகத்துக்குத் திட்டமிட்ட பாதை 10.7 கிலோமீட்டர்தான், ஆனால் அதில் 9 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். இந்தப் பாதையும் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி இரட்டைப் பாதையும் முடிந்தால்தான் சரக்கு ரயில் தாராளமாக ஓடும். ஒவ்வொரு ரேக்கையும் பிரேக் பார்த்து, வேகன்களை இணைக்கும் கப்ளிங் பார்த்து அனுப்ப உங்கள் மகன் மாதிரி ஃபிட்டர்கள்தான் வேண்டும்.

அதுவரை அவன் சும்மா இருக்க வேண்டாம். ரயில்வே டெக்னீஷியன், அசிஸ்டென்ட் லோகோ பைலட் தேர்வுகளுக்கு ஐடிஐ ஃபிட்டர் படிப்பு போதும். பொன்மலை, போத்தனூர், பெரம்பூர் ரயில்வே பட்டறைகளில் அப்ரன்டிஸ் எடுக்கிறார்கள், அதை முடித்தவர்களுக்கு ரயில்வேயின் அடிநிலையான லெவல் 1 வேலைகளில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. முதலில் அதற்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கேரளாவில் யூனியன் என்றாலே நோக்குகூலிதானே? துறைமுகத்துக்குள்ளும் யூனியன் வந்தால் அதுவும் படுத்துவிடாதா?
(வியாபாரி, களியக்காவிளை)

பதில்: வேலையே செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கேட்பது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கேரள அரசே 2018 மே முதல் தேதியிலிருந்து அதைத் தடை செய்துவிட்டது. ஆனால் யூனியன் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது? கொச்சியில் 'சாப்பா' என்று ஒரு முறை. காலையில் கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்துக்கு நடுவே வீசுவான், அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை, கிடைக்காதவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. அதை எதிர்த்துப் போராடியவர்கள் மீது 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது, உயிர்களும் போயின. அந்த வில்லை ஒழிந்தது யூனியனால்தான். 1978-இல் வந்த சுமட்டுத் தொழிலாளர் (சுமை தூக்குவோர்) சட்டமும் அதன் நல வாரியமும் அதே வழியில் வந்தவைதான்.

சரி, துறைமுகம் படுத்துவிடுமா என்கிறீர்கள். கொச்சி, தூத்துக்குடி உள்ளிட்ட மத்திய அரசுப் பெருந்துறைமுகங்களில் 2024 ஆகஸ்டில் வேலைநிறுத்த அறிவிப்பு வந்தது, தொடங்குவதற்கு முன்பே உட்கார்ந்து பேசி சம்பள ஒப்பந்தம் போட்டார்கள், கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. தனியார் நடத்தும் விழிஞ்சத்துக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது என்பதுதான் என் கவலை. கிரேன் ஓட்டக் கற்றவன் சம்பளம் போதாமல் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டால் துறைமுகத்துக்குத்தான் நஷ்டம்.

கேள்வி: எல்லாம் தானியங்கி கிரேன் ஆகிவிட்டதே, இனி மனுஷனுக்கு என்ன வேலை?
(கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: தம்பி, விழிஞ்சம் யார்டு கிரேன்களைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து இயக்குகிறவர்களில் உள்ளூர் மீனவக் குடும்பத்துப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், அதனால் வேலைக்குள் வந்தார்கள். ஆள் குறையும் என்பதும் உண்மைதான், மறைக்க மாட்டேன். அமெரிக்கக் கிழக்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் 2024 அக்டோபரில் மூன்று நாள் வேலையை நிறுத்தினார்கள். ஆறு வருடத்தில் 62 சதவீதச் சம்பள உயர்வுக்கு ஒப்புதல் வாங்கிய பிறகும், தானியங்கி இயந்திரம் பற்றித் தனியாகப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். இயந்திரம் வந்து இறங்கிய பிறகு பேசினால் யார் கேட்பார்கள்?

கேள்வி: கன்டெய்னர் யார்டு ஒன்றில் காண்ட்ராக்டில் வேலை செய்கிறேன். சங்கம் வைத்தால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயம். எங்களுக்கு உரிமை உண்டா?
(பெயர் வேண்டாம், பாறசாலை)

பதில்: உண்டு. காண்ட்ராக்ட் ஆளும் சங்கத்தில் சேரலாம், சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி குற்றம். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கத்துக்குத்தான் பேச்சுவார்த்தை உரிமை, யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதமாவது வைத்திருக்கும் சங்கங்கள் சேர்ந்த குழு பேசும். அதனால் ஊர்வாரியாகவும் மொழிவாரியாகவும் பிரிந்து நிற்காதீர்கள், தமிழ் பேசுகிறவரும் மலையாளம் பேசுகிறவரும் ஒரே பட்டியலில் பெயர் எழுதுங்கள். அப்புறம் சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், கேட் பாஸ் நகல் மூன்றையும் இன்றைக்கே வீட்டில் பத்திரமாக எடுத்து வையுங்கள். அந்த யார்டில்தான் வேலை பார்த்தீர்கள் என்று நாளைக்கு நிரூபிக்க அவைதான் கைகொடுக்கும்.