மக்காச்சோளத்தில் புழு விழுந்ததற்கு மண்தான் காரணமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் செம்மண் நிலம் இருக்கிறது. போன பருவத்தில் ஒரு ஏஜென்ட் வீடு தேடி வந்து, ‘பி.டி. மக்காச்சோளம், புழுவே விழாது’ என்று சொல்லி, கூடுதல் விலைக்கு விதை கொடுத்தார். பில் இல்லை. ஒரு மாதம் தாண்டியதும் குருத்தெல்லாம் படைப்புழு. கேட்டால், ‘விதையில் குறையில்லை, உங்கள் மண்ணில் சத்தில்லை, அதனால் பி.டி. வேலை செய்யவில்லை’ என்கிறார். இந்தத் தடவை விதையோடு மண்ணுக்கு ஒரு டானிக்கும் வாங்கச் சொல்கிறார். மண்ணால் அப்படி ஆகுமா ஐயா? வாங்கலாமா?

பதில்: விதையும் வேண்டாம், டானிக்கும் வேண்டாம்.

அவர் சொல்லும் மண் கதை முழுப் பொய் இல்லை. அதனால்தான் எடுபடுகிறது. பி.டி. பயிர் என்பது, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் சேர்த்து, புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே தயாரித்துக்கொள்ளும்படி செய்தது. புரதம் உருவாகத் தழைச்சத்து (யூரியாவில் இருக்கும் நைட்ரஜன்) வேண்டும். பி.டி. மக்காச்சோளம் பயிராகும் அமெரிக்காவில் தழைச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் போட்டு அளந்து பார்த்திருக்கிறார்கள். சத்துக் குறைந்த செடியின் இலையில் அந்தப் புரதமும் குறைந்திருந்தது. வேரில் தண்ணீர் கட்டி நின்றாலும் செடியால் தழைச்சத்தைச் சரியாக எடுக்க முடியாது.

நம் செட்டிநாட்டுச் செம்மண்ணும் சரளையும் எப்படி என்று உங்களுக்கே தெரியும். மக்கிய சத்து குறைவு, போட்ட யூரியா ஒரு நல்ல ஐப்பசி மழையில் இறங்கிப் போய்விடும். ஆக, ஏட்டளவில் ஏஜென்ட் பேச்சு நம் நிலத்துக்குப் பொருந்துகிற மாதிரிதான் இருக்கும். புரதம் குறைந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு: அரைகுறை நஞ்சைத் தின்று பிழைத்த புழு இனம் பெருக்கும், போகப்போக அந்த நஞ்சு அதை ஒன்றும் செய்யாது. மண் நன்றாக இருந்தாலும் புழு பழகிவிடலாம் என்பது வேறு. போர்ட்டோ ரிக்கோவில் இதே படைப்புழு ஒரு பி.டி. ரகத்துக்குப் பழகிப்போய், 2006இல் அந்த ரகத்தின் விற்பனையையே அங்கே நிறுத்தினார்கள்.

சரி, இதெல்லாம் உண்மையான பி.டி. மக்காச்சோளத்துக்கு. இந்தியாவில் வணிக சாகுபடிக்கு விற்கப்படும் மரபணு மாற்றுப் பயிர் பி.டி. பருத்தி மட்டும்தான், அதுவும் 2002இலிருந்து. மக்காச்சோளத்துக்கு அனுமதி கிடையாது. எனவே உங்களிடம் வந்தது ஒன்று சாதாரண வீரிய ஒட்டு விதை, இல்லை சட்டத்துக்குப் புறம்பான சரக்கு. எதுவானாலும், மண்ணைக் குறை சொல்ல அவருக்கு இடமே இல்லை.

என் ஊகம் ஒன்று: விதை சிவப்பாகவோ ரோஸாகவோ சாயம் பூசி இருந்ததா? அது மருந்து கலந்து விதை நேர்த்தி செய்ததன் அடையாளம். பூச்சிமருந்தாக இருந்தால் முளைத்த முதல் சில வாரம் காக்கும், அப்புறம் தீர்ந்துவிடும். ஒரு மாதம் தாண்டிப் புழு வந்தது என்கிறீர்களே, கணக்கு ஒத்துப்போகிறது. (மிச்சமிருந்தால் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.)

இந்தப் பருவத்துக்கு உரிமம் உள்ள கடையில் வாங்குங்கள். பையில், அரசு சோதித்துச் சான்று கொடுத்த சான்று விதைக்கு நீல அட்டை, உற்பத்தி செய்தவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதைக்கு இளம்பச்சை அட்டை இருக்கும். குவியல் எண் (லாட் நம்பர்), காலாவதித் தேதி இரண்டும் பில்லில் ஏறியதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். டானிக் காசுக்குப் பதில் மண் பரிசோதனை செய்யுங்கள். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு போடுவது மண்ணுக்குள் இருக்கும் படைப்புழுவின் கூட்டுப்புழுவுக்கு எதிராக வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை. யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் 25ஆம் நாள், 45ஆம் நாள் என்று பிரித்து வையுங்கள். அளவு மீறினால் குருத்து இளசாகிப் புழுவுக்குத்தான் விருந்து.

கேள்வி: அப்படியானால் போன வருட நஷ்டத்துக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா? விவசாயியை நுகர்வோராக ஒத்துக்கொள்வார்களா?

பதில்: ஒத்துக்கொள்வார்கள். விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தான் என்று 2012இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. சிக்கல், உங்களிடம் பில் இல்லாததுதான். ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப், ஜி-பேயில் பணம் போன பதிவு, காலிப் பை, மிச்ச விதை எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். விதை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, விதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு போன் போட்டால் மனு எழுதும் முறையைத் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.