புது ஆளிட்டை உங்களை அறிமுகப்படுத்தேக்கை முதல் அரை நிமிசத்தில என்ன சொல்லுறது? கேள்வி பதில்

கேள்வி (முள்ளியவளை): ஒடியல் மா செய்து விக்கிறன். யாழ்ப்பாணத்தில கண்காட்சிக்குப் போறன். கடைக்காரர் கேட்டால் "சின்னச் சுயதொழில்" எண்டு சொல்லிப்போட்டு நிண்டிடுவன்.

பதில்: அக்கா, அந்த ரெண்டு சொல்லையும் விடுங்கோ. சுயதொழில் எண்டால் தையலும்தான், கோழி வளர்ப்பும்தான்; உங்களிட்டை என்ன வாங்கலாம் எண்டு அவருக்கு விளங்காது. பேரைச் சொல்லி, ஊர், பொருள், அளவு, கேட்கிறது எண்டு இந்த ஒழுங்கில போங்கோ: "முள்ளியவளையில இருந்து வாறன். பனங்கிழங்கைக் காயவைச்சு ஒடியல் மா அரைக்கிறன். 250 கிராம் பைக்கற், மாதம் 40 கிலோ தரலாம். உங்கட கடையில பத்துப் பைக்கற் வைச்சுப் பாப்பமோ?" 20 செக்கன்தான். சொல்லி முடிய ஒரு பைக்கற்றை அவற்றை கையில குடுத்துப்போட்டுப் பேசாமல் நில்லுங்கோ.

40 எண்டது உதாரணத்துக்கு. மாரியில வெயில் கிடையாது. அப்பவும் தரக்கூடிய அளவு எதுவோ அதைத்தான் சொல்லவேணும். கூட்டிச் சொல்லிப் பிந்தினால் அந்தக் கடை திரும்பக் கேளாது.

கேள்வி (பரந்தன்): பம்பி, வயரிங், வெல்டிங் எல்லாம் செய்வன் எண்டுதான் சொல்லுறன். ஒருத்தரும் கூப்பிடுகினமில்லை.

பதில்: தம்பி, "எல்லாம்" எண்டது நினைவில நிக்காது. கமக்காரரின்ரை கரைச்சலின்ரை பேரையே சொல்லும்: "மோட்டர் சுத்துது, தண்ணி வரேல்லை எண்டால் கூப்பிடுங்கோ. அனேகமாய் குழாயின்ரை அடியில இருக்கிற புட்வால்வு ஒழுகும், இல்லாட்டி தண்ணி உறிஞ்சிற சக்ஷன் குழாய் காத்து இழுக்கும்." இதைக் கேட்டவர் பக்கத்து வயலில பம்பி நிக்கேக்கை உம்மைத்தான் சொல்லுவார். வயரிங்கைப் பிறகு கதைக்கலாம்.

கேள்வி (அறிவியல்நகர், பொறியியல் இறுதியாண்டு): கிளிநொச்சியில எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் "எந்த ஊர், ஆற்றை பிள்ளை?" எண்டுதான் தொடங்குகினம். கதை சொந்தக்காரரிலயே முடியுது.

பதில்: தங்கச்சி, அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காதேங்கோ. வன்னியில அதுதான் வாசல்படி. மறுமொழியை ஒரு வசனத்தில வைச்சு, அதே மூச்சில வேலையைக் கொழுவுங்கோ: "உருத்திரபுரம், ஐயா. இரணைமடுக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிற குடும்பம்; அதாலதான் வாய்க்கால் தண்ணியை அளக்கிற கருவி ஒண்டு செய்யிறம்." அடுத்த கேள்வி கருவியைப் பற்றித்தான் வரும். குடும்பத்தில இழப்பு இருந்தால் ஊரோட நிப்பாட்டுங்கோ. போர் நடந்த மண்ணில அந்த விளக்கத்தை ஒருத்தருக்கும் சொல்லவேணுமெண்டு கடமையில்லை.

கொழும்புக் கொம்பனிக்காரருக்கு ஊர்க்கதை தேவையில்லை. "யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், கிளிநொச்சி" எண்டு சேர்த்துச் சொல்லுங்கோ. இல்லாட்டி பீடம் யாழ்ப்பாணத்தில எண்டு நினைப்பினம். குழு வேலையில "செய்தனாங்கள்" எண்டு மட்டும் சொன்னால் உங்கட பங்கு மறைஞ்சுபோகும். "சென்சர் பொருத்தி அளவு சரிபார்த்தது நான், புரோகிராம் எழுதினது மற்றவை" எண்டு பிரிச்சுச் சொல்லுங்கோ.

கேள்வி (வவுனியா): விசிட்டிங் கார்ட்டில தமிழ் எழுத்து உடைஞ்சு வந்திட்டுது. வெளிநாட்டில இருந்து வந்தவையும் வாட்ஸ்அப்பில பிடிக்க முடியேல்லையாம்.

பதில்: நீங்கள் போனில அடிச்சு அனுப்புறது யூனிகோட். அச்சகத்தில பாமினி எண்ட பழைய முறை எழுத்துரு போட்டிருந்தால் மாத்தாமல் ஒட்டினவுடனை குழம்பும். 100 அடிக்க முதல் ஒண்டை அச்சடிச்சுக் கையில வாங்கிப் பாருங்கோ. திரையில பாத்தது காணாது. வாட்ஸ்அப்பில பிடிக்க, நம்பரில முன்னுக்கு இருக்கிற 0 ஐ எடுத்துப்போட்டு +94 போடுங்கோ, 077 எண்டது +94 77 ஆகும். வவுனியாவில சிங்களச் சனமும் இருக்கிறபடியால் பின்பக்கம் சிங்களத்திலயும் தொழிலைப் போடுறது நல்லது.