30 லட்சம் செலவில் மொழிப் படிப்பு: பி.எஃப். பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் கொளத்தூரில் இருக்கிறோம். என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். ஓய்வுபெற இன்னும் 4 வருடம்தான். ஒரே மகள் பி.ஏ. பிரெஞ்சு முடித்து, நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் பிரெஞ்சு மொழி மையத்தில் பி2 நிலையும் (ஆறு நிலைகளில் நான்காவது) தேறிவிட்டாள். மொழிகளையும் டிஜிட்டல் உள்ளடக்க உருவாக்கத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் ஓராண்டு எம்.ஏ.வுக்கு, பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 18 லட்சம், தங்கிச் சாப்பிட 12 லட்சம் ஆகுமாம். எங்களிடம் எஃப்.டி. 8 லட்சம், கணவரின் பி.எஃப். 19 லட்சம், 32 சவரன் நகை, திருநின்றவூரில் அரை கிரவுண்ட் மனை இருக்கிறது. பி.எஃப்.பில் கொஞ்சம், கடனில் கொஞ்சம் என்று சமாளிக்கலாமா? "மொழி படிக்க 30 லட்சமா?" என்று என் அண்ணன் கேட்கிறார். எனக்கும் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதம் வந்ததும் மகளோடு போனில் அரை மணி நேரம் பேசினேன். உங்கள் அண்ணனின் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்தது. கல்லூரிக்காகத் தான் செய்த ஒரு இணையப் பக்கத்தின் படத்தை மகள் அனுப்பினார். மாமல்லபுரம் சுற்றுலாவுக்காக ஆங்கிலம், பிரெஞ்சு, தமிழ் மூன்றிலும் செய்தது. ஆங்கிலத்தில் 'புக் நவ்' என்ற பொத்தான் கச்சிதமாக இருக்கிறது. அதே இடத்தில் 'இப்போதே முன்பதிவு செய்க' என்று போட்டால் எழுத்து பொத்தானை விட்டு வெளியே வழிகிறது. பிரெஞ்சிலும் அதே கதை. தமிழில் 'முன்பதிவு' என்று சுருக்கி, பிரெஞ்சில் 'ரெஸர்வே' என்று ஒரே சொல்லாக்கி, பொத்தானின் அகலத்தையும் மாற்றியிருக்கிறார். மொழி மட்டும் தெரிந்தவருக்குப் பொத்தான் தெரியாது, கணினி மட்டும் தெரிந்தவருக்கு எந்தச் சொல்லைச் சுருக்கலாம் என்று தெரியாது. வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் சாதாரண மொழிபெயர்ப்பை இன்று இயந்திரமே பெருமளவு செய்துவிடுகிறது. இரண்டும் தெரிந்த ஆளுக்குத்தான் இனி மதிப்பு. ஆகவே படிப்பில் குறையில்லை. 30 லட்சம் என்ற தொகைதான் எனக்கு உறுத்துகிறது.

நான் எப்போதும் போடும் கணக்கு ஒன்றுண்டு. பிள்ளை படித்துவிட்டுச் சென்னைக்கே திரும்பிவிட்டால், அந்தச் சம்பளத்தில் கடனைக் கட்ட முடியுமா? வெளிநாட்டிலேயே வேலை கிடைத்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது. பிரிட்டனில் படிப்பு முடித்தவர்கள் வேலை தேடத் தங்கும் விசா 2 வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமானால் வேலை விசாவுக்கான சம்பள வரம்பைத் தாண்ட வேண்டும். 2025 ஜூலையில் அதைப் பொதுவாக ஆண்டுக்கு 41,700 பவுண்டு என்றும், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400 என்றும் உயர்த்தினார்கள். முதல் வேலையிலேயே எட்டக்கூடிய தொகை என்று இதை நான் எண்ணவில்லை.

சரி, எஃப்.டி.யிலிருந்து 6 லட்சம் போட்டு 24 லட்சம் கடன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 11%. படிக்கும் ஒரு வருடமும் அதற்குப் பிந்தைய ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி மாதம் 22,000 ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்தில் 5,28,000. அதையும் அசலோடு சேர்த்து 10 வருடத் தவணையாக்கினால் மாதம் சுமார் 40,300 ரூபாய் வரும். இங்கே மாதம் 45,000 கையில் வாங்கும் ஒரு பெண்ணால் இதைக் கட்ட முடியுமா? கடைசியில் ஓய்வுபெற்ற அப்பாதான் கட்டுவார்.

இதையே 15 லட்சமாகக் குறைத்து, அந்த இரண்டு வருடமும் மாதம் 13,750 வட்டியை உங்கள் கணவர் சம்பளத்திலிருந்தே கட்டிவிட்டால், அப்புறம் தவணை 20,700-க்குள் நின்றுவிடும். சிரமம்தான், ஆனால் கட்டிவிடலாம். அவர் பழைய வரி முறையில் இருந்தால், கட்டும் வட்டி முழுவதற்கும் வருமான வரியில் கழிவு உண்டு. உச்சவரம்பு இல்லை, வட்டி கட்டத் தொடங்கியதிலிருந்து 8 வருடம் கிடைக்கும். புதிய முறையில் இந்தச் சலுகை கிடையாது.

எனவே மொத்தச் செலவு 20 லட்சத்துக்குள் அடங்க வேண்டும்: கடன் 15, எஃப்.டி.யிலிருந்து 5. மிச்சம் 3 லட்சம் வீட்டு அவசரத்துக்கு. பி.எஃப். பக்கம் போகவே வேண்டாம். படிப்புக்குக் கடன் தர வங்கி இருக்கிறது, உங்கள் இருவரின் முதுமைக்குக் கடன் தர எந்த வங்கியும் இல்லை. நகையும் பெட்டியிலேயே இருக்கட்டும். நகைக் கடன் பெரும்பாலும் ஒரு வருடக் கெடு. பத்து வருடத்தில் அடைக்க வேண்டிய செலவுக்கு அது ஒத்துவராது.

30 எப்படி 20 ஆகும் என்று கேட்பீர்கள். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதச் சொல்லுங்கள். முன்பணம் கேட்டால், வராவிட்டால் திரும்பத் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிய பிறகே கட்டுங்கள். அந்த ஒரு வருடம் மகள் இங்கே பிரெஞ்சு தேவைப்படும் வேலை ஒன்றில் இருக்கட்டும். கிண்டியிலும் ஓ.எம்.ஆரிலும் அப்படி ஆள் தேடுகிறார்கள். சம்பளம் சேரும், பிரெஞ்சில் அடுத்த நிலையான சி1-ம் முடியும், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் நேரம் கிடைக்கும்.

கூடவே பிரான்ஸையும் பாருங்கள். பிரெஞ்சு தெரிந்த பெண் பிரிட்டனுக்குப் போய் 18 லட்சம் கட்டணம் கட்டுவது எனக்கு மனசு ஒப்பவில்லை. பிரான்ஸில் அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கு முதுகலைக் கட்டணத்தை 2019-இல் ஆண்டுக்கு 3,770 யூரோ என்று வைத்தார்கள். அப்புறம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதிலும் விலக்குத் தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. படிப்பு இரண்டு வருடம் என்பதால் சாப்பாடு, வாடகை இரட்டிப்பாகும். ஆனால் பாரிஸைத் தவிர்த்துச் சின்ன ஊராகப் பார்த்தால், ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை பகுதிநேர வேலை செய்ய அனுமதி இருப்பதால், அது தாங்கக்கூடியதே. எங்கே சேர்ந்தாலும் பாடத்திட்டத்தில் படங்களுக்கு சப்டைட்டில் தயாரிப்பு, முன்பு மொழிபெயர்த்ததைச் சேமித்துத் திரும்ப எடுத்துத் தரும் மொழிபெயர்ப்பு நினைவக மென்பொருள், இணையதள நிர்வாகம், உண்மையான நிறுவனத்துக்குச் செய்யும் திட்டவேலை இவையெல்லாம் இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பிரிட்டன் விசாவுக்காக 28 நாள் வங்கிக் கணக்கில் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று யாரிடமும் வட்டிக்குக் கைமாற்று வாங்காதீர்கள். வங்கியின் கல்விக் கடன் ஒப்புதல் கடிதமே செல்லும். வங்கிக் கடனிலிருந்து அனுப்பும் கட்டணத்துக்கு டி.சி.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்தமும் இல்லை.

ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுத்துறை வங்கிகள் வழக்கமாக ஈடு கேட்கும். குடியிருக்கும் வீடு சொந்தமாக இருந்தால் அதைக் கொடுக்காதீர்கள், திருநின்றவூர் மனையைக் கொடுங்கள். அதற்கு மனைப்பிரிவின் அங்கீகாரம், மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று நான்கும் வேண்டும். வங்கி வக்கீல் பார்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும், ஒரு தாய்ப்பத்திரம் குறைந்தால்கூட ஃபைல் நின்றுவிடும். இந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.