பூஸ்டர் தவறிவிட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டாம்

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது முத்தடுப்பு ஊசி (டிப்தீரியா என்ற தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்குமானது) மூன்று தவணையும் போட்டுவிட்டோம். ஒன்றரை வயது பூஸ்டர் விட்டுப்போனது. இப்போது கேட்டால், "தேதி தாண்டிவிட்டது, எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும்" என்கிறார்கள். போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். உலக சுகாதார நிறுவனமும் இதைத்தான் சொல்கிறது. இடைவெளி நீண்டதால் பழைய மூன்று தவணைகள் வீணாகிவிடாது. ஆனால் பூஸ்டரை இனியும் தள்ளாதீர்கள். டிப்தீரியா கிருமி சுரக்கும் நச்சுதான் தொண்டையில் சவ்வு படரச் செய்கிறது, இதயத் தசையையும் நரம்புகளையும் கெடுக்கிறது. அந்த நச்சை முறிக்கும் சக்தி ஆண்டுகள் போகப் போகக் குறையும். லேசான சளி இருந்தாலும் போடலாம்.

"முதலிலிருந்து" என்பவர் அடுத்து "வலியில்லாத ஊசி" பேக்கேஜ் ஒன்றை நீட்டுவார், பாருங்கள். வழக்கமான முத்தடுப்பு ஊசியோடு ஒப்பிட்டால் அதில் மாறியிருப்பது கக்குவான் இருமலுக்கான பகுதி மட்டுமே. காய்ச்சலும் வீக்கமும் குறையும், உண்மைதான். அதற்காக டிப்தீரியாவுக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்று, அடிபட்டபோது போட்ட டிடி ஊசி. அது தனி டெட்டனஸ் ஊசியாக இருந்தால் டிப்தீரியா கணக்கில் சேராது.

வயது விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். 7 வயது முடியும்வரை குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசி. முடிந்துவிட்டால் டிப்தீரியா அளவு குறைக்கப்பட்ட ஊசி, ஏனெனில் பெரிய பிள்ளைகளுக்கு முழு அளவு போட்டால் வீக்கமும் வலியும் அதிகமாகலாம். ஆறே முக்கால் வயது என்றால்? இன்னும் ஏழு முடியவில்லை, குழந்தைகளுக்கானதே. பையன் வளர்த்தியாக இருந்தால்? உயரமும் எடையும் இங்கே கணக்கில்லை, பிறந்த தேதிதான் கணக்கு. உங்கள் மகனுக்கு இந்தக் குழப்பமே இல்லை.

பள்ளிச் சேர்க்கைக்காகப் போடாத ஊசியைப் போட்டதாகத் தடுப்பூசி அட்டையில் முத்திரை குத்தித் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். நாளை வகுப்பில் ஒரு பிள்ளைக்கு டிப்தீரியா வந்தால், மற்ற பிள்ளைகளில் யாருக்கு ஊசி தேவை என்று மருத்துவர் அந்த அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பொய் அட்டை அங்கே உயிருக்கே உலை வைக்கும். இதற்கெல்லாம் இடம் கொடுப்பதே நம் பதிவு முறைதான். தேதி தாண்டியவர்களைத் திருப்பி அனுப்பத் தெரிகிறது, விட்டதைத் தொடர்வதற்கு அட்டையில் ஒரு கட்டம் போடத் தெரியவில்லை! அதனால் ஊசி போட்டதும் அதன் பெயர், தேதி, தொகுப்பு எண் மூன்றையும் படிக்கும்படி எழுதி வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். அடுத்த பூஸ்டர் எப்போது என்பதையும் அங்கேயே குறித்துத் தரச் சொல்லுங்கள்.